ஏழு மணி நேரம், பூஜ்யம் டாலர்

போன மாதம் ஒரு ராத்திரி. வழக்கம்போல ஆபீஸில் ஆணி புடுங்கிக் கொண்டிருந்தேன். நாங்கள் பொட்டி தட்டுவது அமெரிக்க லாரி கம்பெனிகளுக்கான டிஸ்பேட்ச் மென்பொருளுக்கு. எந்த லாரி எங்கே நிற்கிறது, எந்த லோடை யாருக்குக் கொடுக்கலாம், டிரைவருக்கு இந்த வாரம் எவ்வளவு சம்பளம், எல்லாம் அதில்தான். அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. அதனால் சப்போர்ட் டிக்கெட் எல்லாம் அர்த்தராத்திரியில்தான் வந்து விழும்.

அன்றைக்கு விழுந்த டிக்கெட் இது. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசமே ஆன ஒரு டிரைவர். மளிகைச் சாமான் லோடை ஒரு குடோனில் இறக்கப் போயிருக்கிறார். காலை ஆறு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். மனுஷன் அஞ்சே முக்காலுக்கே போய் நின்றுவிட்டார். இடம் கிடைத்து, சரக்கை இறக்கி, கையெழுத்து வாங்கிக் கொண்டு வெளியே வரும்போது மணி ஒன்று. வாரக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால், காத்திருந்த அந்த ஏழு மணி நேரத்துக்கு நேராக 0.00. உங்கள் சாஃப்ட்வேரில் ஏதோ பிழை இருக்கிறது, சரிபண்ணுங்கள் என்று எழுதியிருந்தார்.

கோடைத் திறந்து பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. முதல் ரெண்டு மணி நேரக் காத்திருப்பு இலவசம். அதற்கு மேல் காத்திருந்தால் சரக்குக்காரரிடம் காசு கேட்கலாம், அது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால். அவர் கொடுத்தால் அதில் ஒரு பங்கு டிரைவருக்கு. இந்த லோடின் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. ஆகவே பூஜ்யம். "வடிவமைத்தபடியே வேலை செய்கிறது" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது கேபில் உறுத்த ஆரம்பித்தது. வடிவமைத்தபடி என்று ரொம்ப சுலபமா எழுதிட்டேன். வடிவமைச்சது யாரு? நான் இல்லை. எங்கள் டீமிலும் யாரும் இல்லை. நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே யாரோ போட்ட வடிவம். அது யாரென்று தேடிப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

மைலுக்கு இத்தனை சென்ட்

முதலில் கணக்கு. அமெரிக்காவில் தொலைதூர லாரி ஓட்டுகிற பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளமும் இல்லை, மணிக்கூலியும் இல்லை. மைல் கணக்குதான். உதாரணத்துக்கு மைலுக்கு 50 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு சராசரியாக 50 மைல் போனால் 25 டாலர். சக்கரம் நின்றால் மீட்டரும் நின்றுவிடும். நம்மூர் ஆட்டோவில்கூட வெயிட்டிங் சார்ஜ் உண்டு (மீட்டர் போட்டால்! :-)).

அந்த மைலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வண்டியின் மீட்டர் காட்டுகிற மைலுக்குக் காசு தருவது அபூர்வம். வீட்டுச் சாமான்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் லாரிக்காரர்களின் சங்கம் ஒரு காலத்தில் தூரப் பட்டியல் ஒன்று தயாரித்தது. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே எத்தனை மைல் என்று அதில் இருக்கும். பல கம்பெனிகள் இன்றைக்கும் அந்த வழியில் போட்ட கணக்குப்படிதான் சம்பளம் தருகின்றன. பட்டியலில் இருப்பது குறுக்கு வழித் தூரம். பெரிய லாரி அந்தச் சந்து வழியெல்லாம் போக முடியாது, சுற்றித்தான் போகணும். சுற்றின மைல் டிரைவர் கணக்கில். புதுசா வர்ற ஒருத்தர் முதல் சம்பளத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம் இது.

காலியாகத் திரும்பச் சொன்ன சட்டம்

கதை 1930-களில் ஆரம்பிக்கிறது. பொருளாதாரப் பெருமந்தம். வேலை போனவர்கள் பலர் கடனில் ஒரு லாரியை வாங்கி, பெட்ரோல் காசு வந்தால் போதும் என்கிற ரேட்டுக்குச் சரக்கு ஏற்றினார்கள். ரயில் கம்பெனிகளுக்கு வயிற்றெரிச்சல். ரயில்களை 1887-லிருந்தே மாநிலங்களுக்கு இடையேயான வணிக ஆணையம் கட்டுப்படுத்தி வந்தது. லாரிகளுக்கு அப்படி மத்தியில் யாரும் இல்லை. 1935 ஆகஸ்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மோட்டார் கேரியர் சட்டத்தில் கையெழுத்துப் போட, லாரிகளும் அந்த ஆணையத்தின் கீழ் வந்தன.

அதற்குப் பிறகு நினைத்தவர் நினைத்த ஊருக்குச் சரக்கு கொண்டுபோக முடியாது. எந்த வழியில், எந்தச் சரக்கை எடுத்துப் போகலாம் என்று ஆணையம் சான்றிதழ் தரும். ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்தது. புதிதாக வருபவர்கள், நான் வந்தால்தான் பொதுமக்களுக்கு நல்லது என்று நிரூபிக்கணும். ஏற்கெனவே அந்த வழியில் ஓட்டுபவர்கள் வந்து ஆட்சேபிப்பார்கள். கட்டணத்தையும் கம்பெனிகள் கூடிப் பேசி ஆணையத்திடம் தாக்கல் செய்யும்.

இதில் வேடிக்கையான விளைவு காலி வண்டி. இங்கிருந்து அங்கே ஒரு சரக்கைக் கொண்டுபோக அனுமதி இருக்கும், அங்கிருந்து திரும்பி வரும்போது ஏற்ற அனுமதி இருக்காது. அப்போ காலியாகத்தான் வரணும். விதிவிலக்கு விவசாயப் பொருள். பதப்படுத்தாத விளைபொருளை யாரும் ஏற்றலாம். சரி, விளைபொருள் என்றால் எதுவரைக்கும்? இறகு உரித்து, சுத்தம் செய்து, ஐஸில் உறைய வைத்த கோழி விவசாயப் பொருளா, தொழிற்சாலைப் பொருளா? சிரிக்காதீங்க, இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1956-ல் கோழி கோழிதான் என்று தீர்ப்பு வந்தது.

ஒருத்தர் காத்திருந்த கதை

இந்தக் காலத்தில்தான் மால்கம் மெக்லீன் என்று ஒருவர் வருகிறார். 1913-ல் வடக்கு கரோலினாவில் பிறந்தவர், 1934-ல் லாரித் தொழில் ஆரம்பித்தவர். 1937-ல் நியூ ஜெர்சி துறைமுகத்துக்குப் பஞ்சு மூட்டைகளைக் கொண்டுபோனாராம். கப்பலில் ஒவ்வொரு மூட்டையாக ஆட்கள் ஏற்றி முடிக்கிற வரைக்கும் நாள் முழுக்க லாரியிலேயே உட்கார்ந்திருந்தாராம். இந்த லாரிப் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று அப்போது தோன்றியதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். பின்னால் சேர்த்துக்கொண்ட கதை என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் 1956 ஏப்ரல் 26-ல் அவருடைய ஐடியல் எக்ஸ் கப்பல் 58 பெட்டிகளுடன் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது நிஜம். தனித்தனியாகச் சரக்கு ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன காலத்தில், பெட்டியில் வைத்து ஏற்ற 16 சென்ட் கூட ஆகவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிற கன்டெய்னருக்கு அதுதான் ஆரம்பம்.

படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மெக்லீன் லாரிக்குச் சொந்தக்காரர். காத்திருந்தால் அவருடைய காசு போகும். அதனால் காத்திருப்பை ஒழிக்க வழி தேடினார். கூலிக்கு ஓட்டுகிறவன் காத்திருந்தால் யாருடைய காசு போகும்?

1938-ல் விட்டுப்போன ஒரு வரி

இந்தக் கேள்விக்கு பதில் 1938-ல் இருக்கிறது. அந்த வருஷம் அமெரிக்காவில் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் வந்தது. வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி. மாநிலம் தாண்டி ஓட்டுகிற லாரி டிரைவர்களுக்கு இந்த ஓவர்டைம் விதியிலிருந்து விலக்கு. அவர்களுடைய வேலை நேரத்தைத்தான் வணிக ஆணையம் பாதுகாப்புக்காகக் கட்டுப்படுத்துகிறதே, இன்னொரு சட்டம் எதற்கு என்பது காரணம்.

ஆணையம் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று சொன்னது. எவ்வளவு கூலி தரணும் என்று சொல்லவில்லை. டிரைவரை நிறுத்தி வைத்தால் முதலாளிக்குச் செலவு கூடும் என்கிற பயம் மற்ற பல தொழில்களில் வந்தது, லாரியில் வரவில்லை. அந்த விலக்கை நீக்க 2022-லும் 2023-லும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்கள். ரெண்டு தடவையும் சட்டமாகவில்லை.

சட்டம் செய்யாததைச் சில காலம் சங்கம் செய்தது. 1964-ல் டீம்ஸ்டர்ஸ் சங்கத் தலைவர் ஜிம்மி ஹாஃபா நாடு முழுக்க ஒரே சரக்கு ஒப்பந்தம் போட்டார். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவர்கள் அதன்கீழ் வந்தார்கள். ஓட்டினால் மைலுக்குக் காசு; வண்டி பழுதாகி நின்றாலோ, சரக்கு ஏற்ற இறக்கத் தாமதமானாலோ மணிக்குக் காசு. (ஹாஃபா யோக்கியரா என்று கேட்டால் அது வேற பதிவு. சிறைக்குப் போனார், 1975-ல் காணாமலே போனார்.) ஆக, மைல் கணக்குச் சம்பளம் அப்போதும் இருந்தது. பக்கத்திலேயே காத்திருப்புக்கும் ஒரு வரி இருந்தது.

சங்கத்துக்கு வெளியே சொந்த லாரி வைத்து ஓட்டியவர்களுக்கு அந்த வரி இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடியில் டீசல் விலை ஏறியது, பல இடங்களில் டீசலே கிடைக்கவில்லை. வேகத்தையும் குறைக்கச் சொன்னார்கள். 1974 ஜனவரியில் நாடு முழுக்க 55 மைல்தான் உச்சபட்ச வேகம் என்று சட்டமே வந்தது. கணக்குப் போடுங்கள். அப்போது ஒரு டிரைவர் தொடர்ந்து ஓட்டக்கூடியது 10 மணி நேரம். 70 மைல் வேகத்தில் 700 மைல். 55-ல் 550. மைல் கணக்கில் வாழ்கிறவனுக்கு இது வேகக் கட்டுப்பாடு இல்லை, சம்பள வெட்டு. 1973 டிசம்பரிலேயே அவர்கள் சிபி ரேடியோவில் ஒருவரையொருவர் கூப்பிட்டு நெடுஞ்சாலைகளை மறித்துவிட்டார்கள்.

கதவு திறந்த வருஷம்

1980 ஜூலை 1-ல் ஜனாதிபதி கார்ட்டர் புதிய மோட்டார் கேரியர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1935-ல் போட்ட பூட்டு கிட்டத்தட்ட முழுசாகத் திறந்தது. யாரும் தொழிலுக்கு வரலாம், எந்த வழியிலும் ஓட்டலாம், ரேட்டைத் தானே பேசலாம். 1980-ல் 20,000-க்கும் குறைவாக இருந்த லாரி கம்பெனிகள் பத்து வருஷத்தில் 40,000-ஐத் தாண்டின.

நியாயமாகச் சொல்லணும். இதனால் நல்லதும் நடந்தது. காலியாகத் திரும்பும் கொடுமை குறைந்தது, சரக்குக் கட்டணம் குறைந்தது, கடையில் பொருள் மலிவாக வந்து சேர்ந்தது. பழைய முறையைத் திரும்பக் கொண்டு வாங்க என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டணப் போட்டியில் சங்க ஒப்பந்தக் கம்பெனிகள் பல மூடப்பட்டன. புதிதாக வந்தவர்கள் மைல் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், காத்திருப்பு வரியை விட்டுவிட்டார்கள். மைக்கேல் பெல்சர் என்கிற பொருளாதார ஆய்வாளர் (இவரும் முன்னாள் லாரி டிரைவர்தான்) 2000-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சக்கரத்தின் மேல் ஓடும் கொத்தடிமைப் பட்டறைகள் என்கிற மாதிரி தலைப்பு.

நம்ம ஆளுங்க உள்ளே வந்தது

இனி வருவது நம்ம தொழில். :-)

முன்பெல்லாம் லோடு வேண்டுமென்றால் டிரக் ஸ்டாப்பில் பலகையில் குத்தியிருக்கும் சீட்டைப் பார்க்கணும். 1978-ல் ஓரிகான் மாநிலம் போர்ட்லாண்டில் ஜூபிட்ஸ் என்கிற டிரக் ஸ்டாப்பில் அந்தச் சீட்டுகளை டிவித் திரைக்கு மாற்றினார்கள். பெயர் டயல் எ டிரக். இன்றைக்கு டாட் என்று சொல்லப்படும் பெரிய லோடு சந்தைக்கு அதுதான் விதை.

1988-ல் குவால்காம் ஆம்னிடிராக்ஸ் என்கிற கருவியைக் கொண்டு வந்தது. செயற்கைக்கோள் வழியாக லாரி இருக்கும் இடம் தெரியும், செய்தியும் அனுப்பலாம். ஷ்னைடர் என்கிற பெரிய லாரி கம்பெனிதான் முதல் பெரிய வாடிக்கையாளர். உங்கள் செல்போனுக்குள் இருக்கும் அதே குவால்காம்தான். அந்தக் கம்பெனி ஆரம்பத்தில் காலூன்றியது லாரிக்காரர்கள் காசில். அதுவரைக்கும் டிரைவர் போன் பூத்தைத் தேடிப் போய் டிஸ்பேட்சரைக் கூப்பிடுவார். அதற்குப் பிறகு டிஸ்பேட்சர் திரையில் டிரைவர் ஒரு புள்ளி. குடோன் வாசலில் அந்தப் புள்ளி எத்தனை மணி நேரம் அசையாமல் நின்றது என்பதும் அப்போதிலிருந்தே தெரியும். தெரிந்தும் காசு வரவில்லை, அவ்வளவுதான்.

பதினாலு மணி நேரக் கடிகாரம்

காத்திருப்பு இன்னும் வலிக்க ஆரம்பித்தது 2004 ஜனவரியில். புதிய விதிப்படி 11 மணி நேரம் ஓட்டலாம். ஆனால் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்கணும். பழைய விதியில் நடுவில் எடுக்கும் ஓய்வு கணக்கில் வராது, கடிகாரம் நிற்கும். புதிய கடிகாரம் பொதுவாக நிற்காது. நோக்கம் நல்லதுதான், தூங்காத டிரைவர் ரோட்டில் இருக்கக் கூடாது. ஆனால் குடோனில் ஏழு மணி நேரம் போனால் பதினாலில் பாதி போச்சு.

சில வருஷம் பேப்பர் லாக் புக்கில் சமாளித்தார்கள். அதை அவர்களே காமிக் புக் என்றுதான் கூப்பிடுவார்கள், அத்தனை கற்பனை. 2017 டிசம்பரில் மின்னணுக் கருவி கட்டாயமானது. இஞ்சினோடு இணைத்த கருவி, பொய் எழுத முடியாது. 2020-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். லாரிக்குள் இருக்கும் படுக்கையில் குறைந்தது 7 மணி நேரம், தனியாக இன்னொரு 2 மணி நேரமாவது ஓய்வு, ரெண்டும் சேர்ந்து 10 வந்தால் அந்த நேரம் பதினாலில் சேராது. ஆனால் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் ஸ்டீயரிங் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இதனால் என்ன பிரயோஜனம்?

2018-ல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒரு அறிக்கை விட்டது. இப்படிக் காத்திருப்பதால் டிரைவர்கள் வருஷத்துக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை இழக்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். இன்னொரு எண் அதைவிடப் பயம். சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம் கூடினால், விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்று கணித்தார்கள். காரணம் புரிகிறதா? குடோனில் இழந்த நேரத்தை ரோட்டில் பிடிக்கப் பார்க்கிறான். அந்த ரோட்டில் மற்றவர்களும்தான் போகிறார்கள்.

புதுசா வர்றவங்களுக்கு

இவ்வளவும் படித்தபின், டிஸ்பேட்சர் லோடு கொடுத்தால் புதிய டிரைவர் என்ன கேட்கணும் என்று ஒரு பட்டியல் போட்டேன். எல்லாம் மேலே சொன்ன வரலாற்றிலிருந்து வந்ததுதான்.

எந்த மைல் கணக்கு, பட்டியலா, வண்டி மீட்டரா? அந்த ஊரிலிருந்து திரும்ப லோடு இருக்கா? (புளோரிடா இதற்குப் பேர்போனது. உள்ளே போக நல்ல ரேட், வெளியே வரச் சரக்கே அரிது, காய்கறி சீசன் தவிர.) காத்திருப்புக்குக் காசு உண்டு என்று எழுத்தில் இருக்கா, எத்தனை மணி நேரத்துக்கு அப்புறம்? வந்த நேரம், போன நேரம் ரெண்டையும் ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கியாச்சா? சரக்கு இறக்கும் கூலி யார் தலையில்? (டிரைவரைக் கட்டாயப்படுத்தி ஆள் வைக்கச் சொல்லக் கூடாது என்று 1980 சட்டத்திலேயே இருக்கு.) சொந்த வண்டிக்காரர் என்றால், புரோக்கர் காசு தராமல் ஓடிவிட்டால் பிடிக்க அவர் கட்டி வைத்த ஜாமீன் இருக்கா? 2013 வரை அந்த ஜாமீன் வெறும் 10,000 டாலர், அதற்குப் பிறகுதான் 75,000.

கடைசியாக அந்த டிக்கெட். மறுநாள் அதைத் திரும்பத் திறந்தேன். 0.00-ஐ மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, மாற்றவும் இல்லை. "வடிவமைத்தபடியே" என்கிற வரியை மட்டும் அழித்துவிட்டு, ஏன் பூஜ்யம் வந்தது, அடுத்த லோடை ஒத்துக்கொள்வதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் எந்த வரியைத் தேடணும் என்று நாலு வாக்கியம் எழுதினேன். அப்புறம் லோடு ஒதுக்கும் திரையில், டிரைவர் சரி என்று அமுக்குவதற்கு முன்னாலேயே "இந்த லோடுக்குக் காத்திருப்புக் கூலி: உண்டு / இல்லை" என்று ஒரு வரி காட்டலாமே என்று மேலே எழுதிப் போட்டிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அந்த வார்த்தைக்கு நம்ம தொழிலில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

டிரைவரிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது. அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு. நன்றி, இப்பவும் ஒரு குடோன் வாசலில்தான் நிற்கிறேன் என்று.

டிஸ்கி: ஆபீஸ் பெயர் கேட்டுத் தனிமடல் போடாதீங்க மக்கா. இன்னும் கொஞ்ச நாள் ஆணி புடுங்கணும். :-)